ரத்தச் சீட்டில் ஒரு வரி

விடியற்காலையில் காட்பாடி ரயில் நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு வேலூரின் பெருமை விளங்கும். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். ஜலகண்டேசுவரரைத் தரிசிக்க வந்தவர்களல்லர் அவர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலுடன் தொடங்கிய வைத்தியசாலை இன்று கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அதை நாடியே வருகிறார்கள். இந்தியாவில் முதன் முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, 1971-ல் அங்கேதான் நடந்தது.

அவர்கள் கையிலுள்ள சீட்டுக் கட்டில் 'கிரியாட்டினின்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஓர் எண். அதற்கடுத்து ஆய்வுக்கூடத்தார் அச்சிட்ட எல்லை. எண் எல்லைக்குள் அடங்கியிருந்தால் வீட்டார் நிம்மதியோடு சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த நிம்மதி எப்போதும் நியாயமானதுதானா?

கிரியாட்டினின் என்பது நம் தசைகள் அன்றாடம் வெளியேற்றும் கழிவு. சிறுநீரகங்கள்—நம் பாட்டிமார் குண்டிக்காய் என்றழைத்தவை—அதை வடித்துத் தள்ளுகின்றன. வடிகட்டும் சக்தி குறைந்தால் ரத்தத்தில் அது தேங்குகிறது. ஆனால் சக்தி ஏறக்குறையப் பாதி குன்றும் வரையில் எண் எல்லையைத் தாண்டாமலே இருக்கக்கூடும். தசை குறைந்தவர்களுக்குக் கழிவும் குறைவு. ஆகவே அவர்கள் விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் அதிகம்.

ஆம்பூருக்குப் போவோம். தோல் பதனிடும் சாலையில் ஈரத்தோலைத் தூக்கிப் போடும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர்; எடை 70 கிலோ. செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்துத் தேய்ந்த அறுபத்திரண்டு வயது அம்மாள் ஒருவர். எடை 45 கிலோ. இருவருக்கும் கிரியாட்டினின் 1.1 என்றே வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பல சீட்டுகளில் இது எல்லைக்குள்தான் அடங்கும்.

இனிக் கணக்கு. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்குக. கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, அதனால் வகுக்க. பெண்களானால் விடையை 0.85-ஆல் பெருக்குக. இளைஞருக்கு நிமிஷத்துக்குச் சுமார் 102 மில்லிலிட்டர் ரத்தம் சுத்தியாகிறது. அம்மாளுக்கோ சுமார் 38! ஒரே எண், ஒருவர் திடகாத்திரர், மற்றொருவர் உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டியவர். இத்தனைக்கும் அந்த அம்மாள் முழங்கால் வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவராகவும் இருக்கலாம். சில வலி மாத்திரைகள் நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்பவை.

இந்தக் கணக்கைக் காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் 1976-ல் வெளியிட்டார்கள். கானடாவில் 249 நோயாளிகளைக் கொண்டு வகுத்தது. ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்களுக்குரிய 0.85 என்பது அளந்து கண்டதன்று, உத்தேசமாக வைத்தது. நம் ஆம்பூர் அம்மாளை எங்கோ ஓர் ஆண்கள் வார்டின் கோலால் அளக்கிறோம் என்று சொன்னால் பெரிய தவறில்லை! மருந்தின் அளவை நிர்ணயிக்க இக்கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் பிற்காலத்திய வாய்பாடுகளையே கையாளுகின்றன. 2021-ல் திருத்தப்பட்ட வாய்பாடு எடையைக் கேட்பதில்லை. சராசரி உடற்பரப்புக்கு ஒப்பிட்டு விடை சொல்கிறது. அதன்படி அம்மாளுக்கு 57 வரும். இரண்டு விடைகளும் ஒன்றல்ல. ஆயினும் சீட்டை மடித்து வைக்கலாகாது என்பதில் இரண்டும் ஒன்றே. 60-க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்வது வைத்தியர்களின் வழக்கம். சிறுநீரில் ஆல்புமின் இறங்குகிறதா என்பதையும் உடன் பார்ப்பார்கள்.

ஆம்பூர்வாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சமைத்த இறைச்சி, கிரியாட்டினினைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும். பிரியாணி விருந்து முடிந்த கையோடு ரத்தம் கொடுக்கப் போனால் எண் வீண் பயம் காட்டலாம். விருந்தை விட வேண்டாம். பரிசோதனையை மறுநாளைக்கு வைத்துக் கொள்ளலாம்.

நமக்குள்ள குறை வேறொன்று. 2009-ல் அமெரிக்காவில் வந்த வாய்பாட்டில் மனிதரெல்லாம் கறுப்பர், மற்றவர் என இரண்டே வகை. இந்தியர் 'மற்றவர்' கூட்டத்தில் சேர்ந்தனர். 2021-ல் அந்த நிறப் பாகுபாடு நீங்கியது. ஆனால் நம் தேகவாகுக்கு ஏற்ற திருத்தம் வரவில்லை. தசையும் இறைச்சி உணவும் குறைந்த நம்மவருக்கு அந்நிய வாய்பாடுகள் சக்தியை உள்ளதற்கு மேல் காட்டுகின்றன என்பதை, பாகிஸ்தானிலிருந்து 2014-லும் சண்டீகரிலிருந்து 2018-லும் வந்த ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டின. பாகிஸ்தானத்தார் தங்களுக்கென்று திருத்தமே ஒன்று வகுத்துக் கொண்டார்கள். சிறுநீரகம் தானம் செய்ய முன்வரும் தாய்க்கோ தமையனுக்கோ இது அற்ப விஷயமன்று. ஆகையால்தான் அவர்கள் விஷயத்தில் வாய்பாட்டை மட்டும் நம்பாமல், கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ரத்தத்தில் செலுத்தி, சிறுநீரகம் அதை எவ்வளவு வேகத்தில் வடிக்கிறதென்று நேராகவே அளந்து பார்க்கிறார்கள்.