கொழும்புக்குப் புறப்பட்ட ‘டாலி’

நல்லூர்க் கடைகளில் நாம் வாங்கும் பால்மாவும் மின்விசிறியும் பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்களில் வந்திறங்கியவைதான். கொழும்புக்கென்று அப்படிப் புறப்பட்ட கப்பல்தான் ‘டாலி’. 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போதே பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சில நொடிகளில் ஆற்றில் சரிந்தது. வீதிக் குழிகளை அடைக்கும் வேலைக்கு வந்திருந்த ஆறு பேர் இறந்தனர்.

கப்பல் 300 மீற்றர் நீளம், சுமையோடு ஒரு லட்சம் தொன்னுக்கு மேல். இவ்வளவையும் தள்ளுவது ஒரே ஒரு டீசல் எஞ்சின், ஒரே ஒரு புரொப்பெல்லர். டீசலில் ஓடினாலும் எஞ்சினின் உயிர் மின்சாரத்தில்தான் இருக்கிறது. குளிர்நீரையும் எண்ணெயையும் செலுத்தும் பம்புகள் நின்றால் எஞ்சினும் தானாக நின்றுவிடும். சுக்கானைத் திருப்புவதும் மின்சாரமே. அவசர ஜெனரேட்டர் கைகொடுத்தாலும், புரொப்பெல்லர் தள்ளும் நீர் வந்து மோதாத சுக்கானுக்கு வலு குறைவு. தேருக்கு முட்டுக்கட்டை போடுவதுபோலக் கப்பலுக்குப் போட முடியாது. அன்று மின்சாரம் போனதும் நங்கூரம் இறக்கினார்கள், நேரம் போதவில்லை. இழுவைப் படகுகளோ முன்னரே விலகிப் போயிருந்தன. 1.25 மணியளவில் விளக்குகள் அணைந்தன; மின்சாரம் வந்து மறுபடியும் போனது; 1.29க்கு மோதல்.

காரணத்தை 2025 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அறிவித்தது: ஒரு வயர். அடையாளம் தெரிவதற்காக வயரில் மாட்டும் சிறிய பெயர்ப்பட்டியைச் சரியாக மாட்டவில்லை. அதனால் வயரின் முனை கவ்விக்குள் முழுதாக நுழையாமல் தொற்றிக்கொண்டு நின்றது. அது விலகியதும் பிரேக்கர் விழுந்தது, கப்பல் இருண்டது. ஆயிரக்கணக்கான வயர்களுக்குள் இதைத் தேடிக் கண்டுபிடித்த பொறியியலாளர்களின் பொறுமை பெரிது.

ஆனால் என் மனம் ஆறாதது வேறோர் இடத்தில். கப்பலிலிருந்த துறைமுக வழிகாட்டிகள் உடனே தகவல் கொடுத்தார்கள். பொலிசார் பாலத்தின் இரு பக்கமும் வாகனங்களை மறித்துப் பல உயிர்களைக் காத்தார்கள். நடுவில் நின்ற தொழிலாளருக்கு மட்டும் செய்தி போகவில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டிருக்கும் நமக்கு அந்த வலி புரியும். அந்தத் தொழிலாளர் அப்போது வேலையிடையே ஓய்வில், தங்கள் வாகனங்களில் இருந்தார்கள். பொலிசாருக்குச் சொன்ன நேரத்திலேயே அவர்களுக்கும் சொல்லியிருந்தால், விழாத பகுதிக்கு ஓட்டிப்போக நேரம் இருந்திருக்கலாம் என்கிறது அதே சபை.