எல்லைக்கோடு நடந்த கதை

குழந்தைகளே, ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஏரியில் படகு விட்டு முடித்ததும் கரடியூர் பக்கமும் போய் வாருங்கள். சேர்வராயன் மலை மேலே உள்ள சிற்றூர் அது. மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் வயலும் காடும் சாலையும் ஒரே விரிப்பாகத் தெரியும். எந்த மாவட்டம் எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியாது. அந்தக் கோடு வரைபடத்தில்தானே இருக்கிறது!

கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 1965ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டம் வடக்கே ஓசூர் வரை நீண்டிருந்தது. அந்த ஆண்டு தருமபுரி தனி மாவட்டமானது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தருமபுரியில் இருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒன்று நான்காகிவிட்டது! கலெக்டரிடம் மனு கொடுக்க ஒரு காலத்தில் சேலம் வரை வந்த ஓசூர்க்காரருக்கு இப்போது கிருஷ்ணகிரி போதும். கரடியூர் அசையவே இல்லை. அன்றும் சேலம் மாவட்டம், இன்றும் சேலம் மாவட்டம்.

இந்தத் துண்டுகளாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சிதறிக் கிடந்தால்? புதுச்சேரியைப் பாருங்கள். காரைக்கால் தமிழ்நாட்டுக் கடற்கரையில், மாஹே கேரளத்துக்கு நடுவில், ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவில். பிரெஞ்சுக்காரர்கள் வியாபாரத்துக்காக அங்கங்கே பிடித்த இடங்கள் இவை. புதுச்சேரிப் பகுதியும் ஒரே துண்டு இல்லை. இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள் புகுந்திருக்கும். அதைக் கரும்பலகையில் வரையப் போய் நான் பலமுறை அழித்து அழித்து எழுதியிருக்கிறேன்.

1947இல் நமக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகும் அங்கே பிரெஞ்சு ஆட்சிதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர விரும்பினார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கை மாறியது. துண்டுகள் மட்டும் இன்னும் துண்டுகளாகவே இருக்கின்றன.

இப்படிச் சிதறிய துண்டுகள் வேறு நாட்டுக்குள் இருந்தால்? ஐரோப்பாவில் பார்லே என்ற ஊரில், நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்தின் குட்டிக் குட்டித் துண்டுகள் உண்டு. கோடு சில வீடுகளுக்குள்ளேயே ஓடுகிறது. வாசல் கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடு அந்த நாட்டைச் சேர்ந்தது. வேடிக்கைதான்!

ஆனால் மேற்கு வங்கத்தின் கூச் பெஹார் பக்கம் இது வேடிக்கையாக இல்லை. அந்தக் காலத்து அரசர்கள் விட்டுப்போன சிக்கல், 1947 பிரிவினையில் இரு நாட்டுச் சிக்கலானது. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். இதில் ஒரு சணல் வயல், சுமார் ஒன்றே முக்கால் ஏக்கர். அது இந்தியா. அதைச் சுற்றி வங்கதேசம். அதைச் சுற்றி இந்தியா. அதையும் சுற்றி வங்கதேசம்! வெங்காயத்தை உரிப்பது போல இல்லையா?

அங்கே வாழ்ந்தவர்கள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல். எந்த அரசாங்கமும் எளிதில் உள்ளே வர முடியாததால் பெரும்பாலான துண்டுகளில் மின்சாரம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர முகவரி கேட்பார்களே! அதற்காக வேறு யாரையோ அப்பா என்று எழுதிக் கொடுத்துப் படித்த பிள்ளைகள் உண்டு.

2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் துண்டுகளை மாற்றிக்கொண்டன. எந்த நாட்டுக் குடிமகன் என்பதை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவுக்குள் இருந்த மசல்டாங்காவில் அன்று இரவு 68 மெழுகுவர்த்திகள் ஏற்றினார்கள். 1947 முதல் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று.

உங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: அவர்கள் பள்ளியில் படித்தபோது உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது?