சீனக் குறியில் மாறும் கோடு: எதைப் படிப்பது?

ஐ சிங் என்ற சீனக் குறிநூலில் குறி பார்க்கக் காசு போடுகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கேள்விக்கு இரண்டு உருவங்கள் வந்து நிற்கும். பதில் எதில் இருக்கிறது?

மூன்று காசுகளை ஆறு தடவை போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6 முதல் 9 வரை ஓர் எண் வரும்; அது ஒரு கோடு. 7 யாங், முழுக்கோடு. 8 யின், நடுவில் விட்டுப்போன கோடு. இவை மாறாதவை. 9 முதிர்ந்த யாங், 6 முதிர்ந்த யின். முற்றியது எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதால் இவை மாறும் கோடுகள். ஆறு கோடுகளையும் கீழிருந்து மேலாக அடுக்கினால் 64 உருவங்களில் ஒன்று கிடைக்கும். மாறும் கோடுகளைத் திருப்பினால் இரண்டாவது உருவம்.

உதாரணமாக, வரிசையாக 7, 9, 7, 8, 8, 8 விழுகின்றன. அமைதியைக் குறிக்கும் 11ஆம் உருவம் அது. இரண்டாம் கோடு திரும்பியதும், ஒளி அடிபடுவதைக் குறிக்கும் 36ஆம் உருவமாகிவிடும். காரியம் கெட்டது என்று பதற வேண்டாம். மாறுவது ஒரே கோடு என்றால், முதல் உருவத்தில் அந்தக் கோட்டுக்கு உரிய வாசகமே முக்கியம். 36ஆம் உருவம் நிலைமை சாயும் திசையை மட்டும் காட்டும்.

பல கோடுகள் மாறினால்? 1186இல் ஜு ஷி என்ற அறிஞர் இதற்கு ஒழுங்கு வகுத்தார்:

- எதுவும் மாறாவிட்டால், அந்த உருவத்தின் பொது வாசகம்.
- இரண்டு மாறினால், அவ்விரண்டின் வாசகங்கள், மேலுள்ளதற்கே முதலிடம்.
- மூன்று என்றால், இரு உருவங்களின் பொது வாசகங்களும்.
- நான்கு என்றால், இரண்டாம் உருவத்தில் மாறாத இரு கோடுகள், கீழுள்ளதற்கு முதலிடம்.
- ஐந்து என்றால், இரண்டாம் உருவத்தில் மாறாத ஒற்றைக் கோடு.
- ஆறுமே மாறினால், இரண்டாம் உருவத்தின் பொது வாசகம். முழுக்க யாங்காகவும் முழுக்க யின்னாகவும் அமைந்த, 64இல் முதல் இரண்டு உருவங்களுக்கு மட்டும் தனி வாசகம் உண்டு.

பழங்காலத்தில் இத்தனை கட்டுப்பாடு இல்லை. ட்சுவோ ஜுவான் வரலாற்று நூலில் சென் நாட்டு இளவரசன் ஒருவனுக்குக் குறி பார்த்தவர், மாறிய நான்காம் கோட்டின் வாசகத்தோடு நிற்கவில்லை. உருவங்களுக்குள் மும்மூன்று கோடுகள் குறிக்கும் மண், காற்று, வானம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, அவன் வம்சம் வேறொரு நாட்டில் ஓங்கும் என்றார்.

எந்த முறையைப் பின்பற்றினாலும், அதைக் காசைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். விழுந்த பிறகு தேர்ந்தெடுத்தால், நமக்குப் பிடித்த வாசகம்தான் எப்போதும் குறியாக வரும்.