துருப்பிடித்த பிரஷர் வெசலை ரிப்பேர் செய்ய எந்த கோட்? 17 உயிர்களைப் பறித்த வெல்டிங் சொல்லும் பாடம்!

ரிஃபைனரி, கெமிக்கல் பிளான்ட், உரத் தொழிற்சாலை என எங்கே போனாலும் பிரம்மாண்டமான இரும்புக் கலன்களைப் பார்க்கலாம். அதிக அழுத்தத்தில் கேஸையோ திரவத்தையோ அடைத்து வைத்திருக்கும் இவைதான் பிரஷர் வெசல்கள். வருஷக்கணக்கில் ஓடும்போது உட்புறம் அரித்து, தகடு மெலிந்துவிடும்.

‘அரிச்ச இடத்தை வெட்டிட்டு, புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணா முடிஞ்சது’ என்று தோன்றலாம். ஆனால், விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. எந்த ‘கோட்’, அதாவது எந்தத் தொழில்நுட்ப விதித்தொகுப்பின்படி ரிப்பேர் செய்வது என்பதுதான் முதல் கேள்வி.

ரோமியோவில்லில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே உள்ள ரோமியோவில் ஊரில், யூனியன் ஆயில் ரிஃபைனரியில் 1984 ஜூலை 23-ம் தேதி ஒரு பிரஷர் வெசல் உடைந்து வெடித்தது. 17 பேர் பலியாகினர். அவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள்.

விசாரணையில் தெரியவந்தது இதுதான். 1974-ல் அந்த வெசலின் சேதமான ஒரு வளையப் பகுதியை அகற்றிவிட்டு, புதிய பகுதியை வெல்டிங் செய்து பொருத்தினார்கள். வெல்டிங்கை ஒட்டிய பகுதி கடினமாகிவிட்டது. உள்ளே நடந்த அரிப்பில் உருவான ஹைட்ரஜன், ஸ்டீலுக்குள் ஊடுருவி அந்த இடத்தில் விரிசலை உண்டாக்கியது. விரிசல் வளர்ந்து, வெசலே இரண்டாகப் போனது.

வெல்டிங்குக்குப் பிறகு சூடேற்றி மெல்ல ஆறவிடும் ‘ஸ்ட்ரெஸ் ரிலீவிங்’ அங்கே செய்யப்படவில்லை. தகட்டின் தடிமன் சுமார் 25 மி.மீ. தான். புது வெசல் செய்வதற்கான கோட், அந்தத் தடிமனுக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங்கைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால், உள்ளே ஓடிய ரசாயனத்துக்கு அது தேவைப்பட்டது!

புதுசுக்கு ஒன்று, பழசுக்கு வேறு

ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8 என்பது புதிய வெசலை வடிவமைத்துத் தயாரிப்பதற்கான கோட். பல வருஷம் ஓடி அரித்துப்போன வெசலை என்ன செய்வது என்று சொல்வது அதன் வேலை இல்லை. அதற்குத் தனி கோட்கள் இருக்கின்றன.

* ஏ.பி.ஐ. 510: ரிஃபைனரி, கெமிக்கல் ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் வெசல்களின் ஆய்வு, ரிப்பேர், மாற்றங்களுக்கானது.
* என்.பி.ஐ.சி.: பாய்லர், பிரஷர் வெசல் இரண்டுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் பல மாகாணங்களில் சட்டமே இதைப் பின்பற்றச் சொல்கிறது.
* ஏ.பி.ஐ. 579: அரித்த வெசலை அப்படியே ஓட்டலாமா என்று கணக்கிட்டுச் சொல்வது.
* ஏ.எஸ்.எம்.இ. பி.சி.சி-2: ரிப்பேரை எந்த முறையில் செய்வது என்று விளக்குவது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் சட்டம். வெசல் இருக்கும் இடத்தில் அரசு எந்த விதியைக் கட்டாயமாக்கியிருக்கிறதோ, அதுதான் முதலில் வரும். இந்தியாவில் பாய்லர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. அழுத்தத்தில் கேஸ் சேமிக்கும் பெரிய கலன்களுக்கு எஸ்.எம்.பி.வி. விதிகள் 2016 உண்டு. அதைக் கவனிப்பது ‘பெசோ’ அமைப்பு.

அடுத்து, ரிப்பேர் உண்மையிலேயே தேவையா என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, 12 மி.மீ. தகடு 10 வருஷத்தில் 10 மி.மீ. ஆகிவிட்டது, குறைந்தபட்சம் 8 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரிப்பு வருஷத்துக்கு 0.2 மி.மீ. மீதி ஆயுள் 10 வருஷம். ஏ.பி.ஐ. 510 கணக்குப்படி, மீதி ஆயுளில் பாதி, அதாவது 5 வருஷத்துக்குள் அடுத்த உட்புற ஆய்வு நடக்க வேண்டும். இப்போதே வெட்டி ஒட்ட வேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம்.

கடைசியாக, உள்ளே என்ன ஓடுகிறது, அது ஸ்டீலை என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். தடிமனை மட்டும் பார்த்து வெல்டிங் முறையை முடிவு செய்யக் கூடாது. அங்கீகாரம் பெற்ற இன்ஸ்பெக்டர் ஒப்புதல் தராமல் வேலையைத் தொடங்கவும் கூடாது.

கோட் என்பது குறைந்தபட்சம் செய்ய வேண்டியதைத்தான் சொல்கிறது. ரோமியோவில்லில் அந்தக் குறைந்தபட்சம் போதவில்லை. ரிப்பேர் முடிந்து 10 வருஷம் கழித்துத்தான் அது தெரிந்தது.