பூந்தமல்லி – கத்திப்பாரா மோனோரயில் திட்டம்

பூந்தமல்லி – கத்திப்பாரா மோனோரயில் திட்டம் என்பது சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளை நகரத்துடன் இணைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு முன்மொழிந்து, பின்னர் கைவிடப்பட்ட உயர்மட்டத் தொடர்வண்டித் திட்டம் ஆகும். காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் வழியாகக் கத்திப்பாராவுக்கு ஒரு தடமும், போரூரிலிருந்து வடபழனிக்கு ஓர் இணைப்புத் தடமும் இதில் அடங்கின. மொத்த நீளம் 20.68 கி.மீ.; மதிப்பீடு 3,267 கோடி ரூபாய். இச்சாலைகளுக்கு ஏற்றது மோனோரயிலா, மெட்ரோ இரயிலா என்ற விவாதம் சுமார் பத்தாண்டுகள் நீடித்தது.

பின்னணி

சென்னையில் தண்டவாளப் போக்குவரத்து புதியதன்று. 1895இல் தொடங்கிய மின்சார டிராம் வண்டிகள் 1953 வரை ஓடின. அதன் பின்னர் புறநகர் மின்தொடர்வண்டிகள் நகரின் முக்கியத் தடங்களில் இயங்கினாலும், பரங்கிமலை – பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஊர்களுக்குத் தொடர்வண்டி வசதி இல்லை. ஐயப்பன்தாங்கலில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை உள்ளது. எனினும் இங்கிருந்து நகருக்குள் செல்லும் பேருந்துகள் நெரிசல் மிக்க போரூர் சந்திப்பைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கு மேம்பாலம் திறக்கப்பட்டது 2017இல்தான். போரூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சியாகவே இருந்தது.

திட்டத்தின் வரலாறு

அ.தி.மு.க. அரசு 2006 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பே மோனோரயில் திட்டத்தை முன்வைத்தது. தேர்தலுக்குப் பின் வந்த தி.மு.க. அரசு மெட்ரோ இரயிலைத் தேர்ந்தெடுத்தது. மெட்ரோவின் முதற்கட்டத்துக்கு நடுவண் அரசு 2009 சனவரியில் ஒப்புதல் அளித்தது.

2011இல் மீண்டும் முதலமைச்சரான ஜெ. ஜெயலலிதாவின் அரசு, மெட்ரோ முதற்கட்டப் பணிகளைத் தொடர்வதுடன் மோனோரயிலும் அமைக்கப்படும் என அறிவித்தது. முதலில் 111 கி.மீ. நீளத்துக்கு நான்கு தடங்கள் திட்டமிடப்பட்டன. ஒப்பந்தப்புள்ளிகள் ஒருமுறைக்கு மேல் கோரப்பட்டன. திட்டம் படிப்படியாகச் சுருங்கி, பூந்தமல்லித் தடம் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதற்கு 2014 நவம்பரில் நடுவண் அரசு கொள்கையளவில் ஒப்புதல் வழங்கியது. ஆனால் ஒரு தூண்கூட எழுப்பப்படவில்லை.

ஆதரவு வாதங்கள்

மோனோரயில் ஒற்றை விட்டத்தின் மீது இரப்பர் சக்கரங்களில் ஓடுவது. விட்டமும் தூண்களும் ஒடுக்கமானவை. கூர்மையான வளைவுகளிலும் வண்டி திரும்ப இயலும். ஆகவே ஆற்காடு சாலை போன்ற குறுகிய சாலைகளில் நிலம் கையகப்படுத்துவது குறையும், செலவு குறையும், பணி விரைவில் முடியும் என்று ஆதரவாளர்கள் கூறினர்.

எதிர்ப்பு வாதங்கள்

முதன்மையான எதிர்ப்பு கொள்ளளவு பற்றியது. நான்கு பெட்டிகள் கொண்ட மும்பை மோனோரயிலில் சுமார் 560 பேர் பயணிக்கலாம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்று பெட்டி வண்டியில் சுமார் 1,000 பேர் பயணிக்கலாம். மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி எனக் கொண்டால், ஒரு திசையில் மணிக்கு முன்னது சுமார் 11,200 பேரையும் பின்னது சுமார் 20,000 பேரையும் ஏற்றிச் செல்லும்.

மேலும், மோனோரயில் தடம் மாறுவதற்கு விட்டத்தின் ஒரு பகுதியையே நகர்த்த வேண்டும். வண்டி நடுவழியில் நின்றால், விட்டத்தை ஒட்டி நடைபாதை இல்லாத இடங்களில் பயணிகளை இறக்குவது கடினம். ஒரு நிறுவனத்தின் வண்டி பெரும்பாலும் மற்றொன்றின் விட்டத்துக்குப் பொருந்தாது என்பதால், உதிரிப் பாகங்களுக்கு அந்நிறுவனத்தையே சார்ந்திருக்க நேரிடும்.

பிற நகரங்களின் பட்டறிவு

மும்பை மோனோரயில் 2014 பிப்ரவரியில் தொடங்கியது. பயணிகள் எண்ணிக்கை எதிர்பார்ப்பை எட்டவில்லை. 2017 நவம்பரில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் பல மாதங்கள் சேவை நின்றது. 2025 ஆகத்து மாதத்தில் கனமழையின்போது அளவுக்கு மீறிய கூட்டத்துடன் சென்ற வண்டி நடுவழியில் நின்றுவிட, நூற்றுக்கணக்கானோர் மீட்கப்பட்டனர்.

இலங்கையில் மாலபே – கொழும்பு கோட்டை இடையே இலகு தொடர்வண்டித் தடம் அமைக்க 2019இல் சப்பானுடன் கடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆட்சி மாறிய பின், செலவு மிகுதி எனக் கூறி 2020இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தொழில்நுட்பத் தேர்வு ஆட்சி மாற்றத்துடன் மாறுவது சென்னைக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

மெட்ரோவாக மாற்றம்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் 4ஆம் வழித்தடம் முதலில் கலங்கரை விளக்கம் – கோயம்பேடு இடையே திட்டமிடப்பட்டிருந்தது. பின்னர் அது வடபழனி, போரூர், ஐயப்பன்தாங்கல் வழியாகப் பூந்தமல்லிக்கு மாற்றப்பட்டதால் மோனோரயில் திட்டம் தேவையற்றதாயிற்று. 26.1 கி.மீ. நீளமுள்ள இத்தடத்தில் ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனை அருகே ஒரு நிலையம் உள்ளது. 118.9 கி.மீ. கொண்ட இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நடுவண் அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. 2025 மார்ச்சு மாதத்தில் பூந்தமல்லி – முல்லைத்தோட்டம் இடையே ஓட்டுநரில்லா வண்டியின் சோதனை ஓட்டம் நடைபெற்றது.

மோனோரயிலின் கத்திப்பாராத் தடத்துக்கு ஈடாக, முகலிவாக்கம், மணப்பாக்கம், ஆலந்தூர் வழியாக 5ஆம் வழித்தடம் அமைகிறது. இதன்படி ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆலந்தூர் செல்பவர் ஆலப்பாக்கத்தில் வண்டி மாற வேண்டும். மோனோரயிலில் நேராகக் கத்திப்பாராவை அடைந்திருக்கலாம். அதே வேளையில், ஆலப்பாக்கம் – ஆழ்வார்திருநகர் இடையே ஆற்காடு சாலையில் இவ்விரு தடங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக ஈரடுக்குப் பாலத்தில் செல்கின்றன. குறுகிய சாலை என்பதால் மோனோரயில் பரிந்துரைக்கப்பட்ட இடத்திலேயே இரண்டு மெட்ரோத் தடங்கள் அமைந்தன.

இவற்றையும் பார்க்கவும்

சென்னை மெட்ரோ
மும்பை மோனோரயில்
சென்னை புறநகர் இருப்புவழி