பழைய தொலைநோக்கியை வாங்கலாமா?

பழைய பொருள் கடைகளில் சில வேளைகளில் நீண்ட வெள்ளைக் குழாய் கொண்ட தொலைநோக்கி கண்ணில் படும். மரத்தாலான முக்காலி, கூடவே ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மேல் ‘450 மடங்கு’ என்ற விளம்பரம். வாங்கலாமா? இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அதன் வயது என்ன? அதன் வில்லை தரமானதா?

வயதைச் சொல்லும் தடயங்கள்

1950களிலிருந்து ஜப்பான் 60 மி.மீ. விட்டமுள்ள வில்லைத் தொலைநோக்கிகளை ஏராளமாக ஏற்றுமதி செய்தது. பல நாட்டு வணிகர்கள் தத்தம் பெயரை ஒட்டி அவற்றை விற்றார்கள். அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

கண்ணருகு வில்லையின் குழாயை அளந்து பாருங்கள். அன்றைய ஜப்பானியக் கருவிகளில் அதன் விட்டம் பெரும்பாலும் 24.5 மி.மீ. இன்று பரவலாக உள்ளது 31.7 மி.மீ. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது போருக்குப் பிந்திய அமெரிக்க ஆட்சிக்காலப் பொருள். அந்த ஆட்சி 1952இல் முடிந்தது.

முன்வில்லையில் விளக்கொளி பட்டுத் திரும்புவதையும் கவனியுங்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி வெண்மையாகத் தெரியும். நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. இந்தப் பூச்சு முறையை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் உருவாக்கினார். போருக்குப் பிறகே அது பரவியது. ஆனால், பூச்சில்லாத மலிவுக் கருவிகள் பிற்காலத்திலும் வந்தன. எனவே, எல்லாத் தடயங்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தரத்தைச் சோதிக்கும் முறை

முதலில் கைவிளக்கை வில்லைக்குள் சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஈரமான பருவநிலையில் இது எளிதில் வளரும், கண்ணாடியையே அரித்துவிடும். கொஞ்சம் தூசியோ ஓரிரு கீறலோ இருந்தால் கவலை வேண்டாம். வில்லையைக் கழற்றித் துடைக்க மட்டும் முயலாதீர்கள். உள்ளே இருக்கும் இரு கண்ணாடிகளின் இடைவெளியும் திசையும் மாறினால் உருவம் கெட்டுவிடும்.

அடுத்து, ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்தால் வில்லையில் பனி படியும். அரை மணி நேரம் காத்திருங்கள். குவியம் சரியானதும் நட்சத்திரம் மிகச் சிறிய வட்டாகவும், அதைச் சுற்றி மெல்லிய வளையமாகவும் தெரிய வேண்டும். குவியத்தைச் சற்று உள்ளேயும் பிறகு வெளியேயும் நகர்த்துங்கள். இருபுறமும் ஒரே மாதிரியான வட்ட வளையங்கள் வந்தால் வில்லை நன்று. முக்கோணமாகவோ ஒரு பக்கம் இழுத்தாற்போலவோ தெரிந்தால் குறை உள்ளது.

இறுதிச் சோதனைக்கு ஒரு கணக்கு. வில்லியம் டாவ்ஸ் கண்ட விதிப்படி 116ஐ வில்லையின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால், கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறு கோணம் கிடைக்கும். 60 மி.மீ.க்கு அது ஏறத்தாழ 1.9 விநாடி. ஒரு விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. புனர்பூசத்தின் இரு நட்சத்திரங்களுள் ஒன்றான காஸ்டர், உண்மையில் 5 விநாடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் உள்ள இரட்டை. காற்று அமைதியான இரவில், 100 மடங்கு உருப்பெருக்கத்தில் அது இரண்டாகப் பிரியவில்லை என்றால், அந்த வில்லையை நம்ப முடியாது.

அப்படியானால் ‘450 மடங்கு’? ஒரு மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்குதான் பயனுள்ள உச்சம். 60 மி.மீ. வில்லைக்கு 120 மடங்கு. அதற்கு மேல் உருவம் பெரிதாகும். புதிய விவரம் எதுவும் தெரியாது.

ஓர் எச்சரிக்கை: பழைய பெட்டிகளில் கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி இருக்கலாம். வெப்பத்தில் அது திடீரென வெடிக்கும். அந்த நொடியே கண்பார்வை பறிபோகலாம். கருவி எவ்வளவு நல்லதானாலும், அந்தக் கண்ணாடியை உடனே அகற்றிவிடுங்கள்.