காங்கேசன்துறையில் ஒரு பகல்

கொல்லிமலை ஆகாய கங்கையில் நீராடி அறப்பளீசுவரரைத் தரிசிப்பது எருமப்பட்டி வட்டாரத்து அடியவர்களுக்குப் பழகிய முறை. கடல் கடந்தும் அதே முறை உண்டு. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து சென்ற உல்லாசக் கப்பல், யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையைத் தொட்டது. கப்பல் புறப்படுமுன் திரும்ப வேண்டிய முதியோர்க்கு அச்சிற்றூரில் ஒரு பகலே பெரும்பேறு.

துறைக்குப் பெயர் தந்தவர் முருகப்பெருமான். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கான காங்கேயன் திருவுருவம் இங்கே வந்திறங்கியதால் இப்பெயர் என்பர். குதிரை முகம் கொண்டிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தமாடி அக்குறை நீங்கப்பெற்று, நன்றியாக அக்கோயிலை எடுப்பித்தாள் என்கிறது தலவரலாறு.

கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்று சுரக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் இங்கே திரள்வர். அருகிலேயே நகுலேசுவரர் ஆலயம்.

1990-இல் போரினால் ஊரார் இடம்பெயர்ந்தனர், ஆலயமும் சிதைந்தது. 2012-இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது.

முதலில் நீராடல், அடுத்து நகுலேசுவரர், நிறைவாகக் கந்தசுவாமி என்று செல்லலாம். கடைவீதியைப் பாராது விட்டாலும் குறையில்லை. பல்லாண்டு திறவாதோ என்று ஊரார் ஏங்கிய சந்நிதியில், சற்று நேரம் கூடுதலாக நின்று தொழுதல் நலம்.